கேரி தீவுக்குக் கொண்டுபோன ஸ்குரு

இருபத்தோரு ஆண்டுகள் நான் செய்தது பேசவே தேவையில்லாத வேலை. ஷா ஆலமில் கார் ரேடியோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பழுதென்று ஒதுக்கிய ரேடியோக்கள் என் மேசைக்கு வரும். திறப்பேன், என்ன கோளாறு என்று பார்ப்பேன், சரிசெய்து அனுப்புவேன். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். அதன்பிறகு என் பழைய மேற்பார்வையாளர் போன் செய்து, கிள்ளான் பக்கம் ஒரு சமூகக் கல்லூரியில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள், சனிக்கிழமை மட்டும்தான், போய்ப் பாரம்மா என்றார்.

நேர்காணலில், எல்லாரும் 'புவான்', அதாவது மேடம், என்று கூப்பிடும் ஒருங்கிணைப்பாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: எனக்கு வேலை தெரியும், பேசத் தெரியாது. அவர் மேசைக்கடியில் இருந்த ஓடாத மேசை விசிறியை எடுத்து என் முன்னால் வைத்தார். பதினைந்து நிமிடத்தில் ஓடியது. "செய்யும்போது என்ன செய்யறீங்களோ அதை வாயால சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த வாரமே சேர்ந்துவிட்டேன்.

பதினான்கு பேர் வந்தார்கள். பண்டமாரானில் பாவ் என்ற ஆவியில் வேகும் பன் விற்கும் சீன ஆன்டி ஒருவர். சரவாக்கிலிருந்து வந்து துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற, மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும் தமிழ் அங்கிள் ஒருவர். மலாய்க்காரர்கள் ஆறேழு பேர். நான் மலாயில் ஆரம்பித்து, நடுவில் இங்கிலீஷுக்குப் போய், பதற்றம் வந்தால் தமிழில் முடிப்பேன். யாரும் குறை சொல்லவில்லை. பிரவுன் வயர் எந்த மொழியிலும் பிரவுனாகத்தான் இருந்தது. மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள். முதல் மாதம் முழுக்க அந்தச் சொல் எனக்குத் தமிழில்தான் பொருந்தியது.

இந்தக் கதையில் வருகிற மாணவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் கேரி தீவு அக்கா. செம்பனைத் தோட்டத்தில் கன்றுகள் வளர்க்கும் நர்சரியில் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுத மாட்டார். ஒருமுறை பார்த்ததைக் கை மறக்காது. மற்றவர் ஓய்வு பெற்ற மலாய் பஸ் ஓட்டுநர். எல்லாருக்கும் அவர் பக்சிக், மலாயில் மாமா. முப்பது வருடம் தோட்டங்களுக்குப் போகும் பஸ் ஓட்டியதால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் அது முழுக்க பஸ்ஸுக்குள் கற்ற தமிழ். 'நீங்க' என்ற சொல்லே அதில் கிடையாது. என்னையும் 'நீ' என்பார், கூடவே மரியாதையாக 'சிக்கு' என்பார்.

ஒன்பதாவது வாரம். எல்லாரும் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பழுதான சாதனத்தைக் கொண்டுவந்து தாங்களே சரிசெய்ய வேண்டும். அக்கா ஒரு இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். வயர் மேலுறை கிழிந்து உள்ளே செம்பு தெரிந்தது. பழைய வயரைக் கழற்றி, புது வயர் போட்டார். நாளைக்கு அண்ணன் மகளுக்குப் பரிசம் என்றும், இன்றைக்குச் சாயங்காலம் வீட்டிலுள்ள துணி எல்லாவற்றையும் இதில்தான் தேய்க்கப் போவதாகவும் சொன்னார். அன்று அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

ஒரு மணிக்கு அந்த அறையில் வேறொரு கூட்டம். பன்னிரண்டே முக்காலுக்கே காவல்கார ஜாகா கதவருகில் வந்து நின்று சாவிக்கொத்தை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். பாவ் ஆன்டியின் பிளெண்டர் இன்னும் மூடவில்லை, சரவாக் பெண்களின் விசிறி மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. நான் அக்காவின் பெட்டியைப் பிளக்கில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, அடிப்பாகம் சூடானது. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லி, பரிசோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கட்டங்களில் ஒன்றை நான் செய்யவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த்துக் காலில் வைத்து, மறுமுனையை இஸ்திரிப் பெட்டியின் அடி இரும்பில் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வரவேண்டும். எர்த்து வயர் ஒழுங்காக இரும்போடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எட்டு வாரமாக இதை நான் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் வீடு வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. வேலை அங்கியைத் துவைக்கப் போடுமுன் வழக்கம்போலப் பையைத் துழாவினேன். ஒரு துண்டு டேப், பேனா மூடி, ஒரு சின்ன ஸ்குரு. ஸ்குருவோடு பல் பல்லாக இருக்கும் ஒரு வாஷர்.

கையில் வைத்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எர்த்து வயரை இரும்போடு பிடித்து வைக்கும் ஸ்குருவுக்குத்தான் அந்த வாஷர் போடுவார்கள். அன்று வகுப்பில் அப்படிப்பட்ட சாதனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேசையைத் துடைக்கும்போது கிடந்ததை எடுத்துப் பையில் போட்டிருக்கிறேன், எது என்று கூடப் பார்க்கவில்லை.

அந்த ஸ்குரு இல்லாவிட்டாலும் பெட்டி சூடாகும், விளக்கு எரியும், துணி தேய்க்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு வயர் விலகி இரும்பில் பட்டால் மட்டும்தான் தெரியும். அதுவும் அப்போது தொட்டுக்கொண்டிருக்கிறவருக்கு. அப்படி நடந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவிட்சு இருக்கும். அக்கா வீட்டில் அது இல்லை. மூன்றாவது வாரம் அவரே வகுப்பில் சொல்லியிருந்தார்: "மழை பேஞ்சா அது விழுந்துக்கிட்டே இருந்துச்சு டீச்சர், அதான் யாரையோ கூட்டிட்டு வந்து கழட்டி விட்டுட்டாங்க."

போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. மறுபடி போட்டேன். ஏழெட்டு முறை போட்டேன். வகுப்பு வாட்ஸாப் குழுவில், 'கேரி தீவு அக்கா, இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள்' என்று தமிழிலும் மலாயிலும் அனுப்பினேன். மற்றவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். அவரிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. குளியலறை வாசலில் அங்கியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் பக்சிக் ஞாபகம் வந்தது.

"பக்சிக், கேரி தீவு அக்கா வீடு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். மழையில ஒரு நாளு எறக்கி விட்டேன். ஏன் சிக்கு?"

சொன்னேன்.

"சரி. நான் போறேன். நீ வீட்டுல இரு, ரொம்பத் தூரம்."

"இல்ல பக்சிக். டிக் போட்டது நான். நானும் வரேன்."

"அப்ப வா. கிள்ளான் ஸ்டேசன்ல நிக்கிறேன். காடி எடுத்துட்டு வரேன்."

அப்படியே மீட்டரையும் ஒரு ஸ்குரு டிரைவரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஸ்குருவை மட்டும் பையில் போட மனம் வரவில்லை. கையிலேயே மூடி வைத்திருந்தேன். கொமுட்டர் ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. ஷா ஆலம் வரும்போது மணி நாலு. சாயங்காலம் தேய்ப்பேன் என்றாரே, சாயங்காலம் என்றால் நாலா, ஆறா? வெயில் தாழ்ந்த பிறகுதான் தேய்ப்பார், அந்த வீட்டில் வெக்கை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். இல்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்க உட்கார்ந்திருப்பார். ரப்பர் செருப்புப் போட்டிருப்பாரா? வீட்டுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்? இப்படியே போய்க்கொண்டிருந்தது மனம். எதிர் இருக்கையில் இருந்த பெண், "அக்கா, ஓகேவா?" என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பக்சிக் சொன்னபடி நின்றிருந்தார். அவர் காரில் ஏறிய பிறகுதான் எனக்கு இன்னொரு சோதனை இருப்பது தெரிந்தது. மனிதர் இன்னும் பஸ்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் முள் போகவே இல்லை. பழைய பஸ் நிறுத்தங்கள் வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பக்சிக், கொஞ்சம் வேகமா போலாமா?"

"சிக்கு, இந்த ரோட்டுல லோரி நெறைய. நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அங்க யாரு போறது?"

பாலம் ஏறி ஆற்றைக் கடந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. எல்லாத் திருப்பமும் எனக்கு ஒரே மாதிரி இருந்தது. அவர் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் பாய் விரித்து, அதன்மேல் துணி குவிந்து கிடந்தது. சட்டை, பாவாடை, பச்சைப் பட்டுச்சேலை ஒன்று. எல்லாம் மடித்தபடி இருந்தன, தேய்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அக்காவைக் காணோம். "அக்கா!" என்று கத்திவிட்டேன்.

பின்பக்கமிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஐயோ, டீச்சர்! பக்சிக்! வாங்க, வாங்க. என்ன திடீர்னு?"

"அயர்ன் எங்கக்கா?"

"அதுவா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "மேல தூக்கி வச்சிட்டேன் டீச்சர்."

உள்ளே அலமாரியின் உச்சியில் இருந்தது. பிளக்கின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதென்று.

அவர் வீட்டுக்காரர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், அமைதியான ஆள். சுவரோரம் நின்று சங்கடமாகச் சிரித்தார். அக்கா அவரைக் கையால் காட்டிச் சொன்னார்: "எல்லாம் இவராலதான் டீச்சர். நானே வயர் மாத்தினேன்னு சொன்னா நம்பல. நீ எங்க செஞ்ச, டீச்சர் செஞ்சு குடுத்திருப்பாங்கன்னு சிரிக்கிறாரு. கோவம் வந்துருச்சு. ஸ்குரு டிரைவர எடுத்து மூடியைத் தொறந்து, ஒண்ணு ஒண்ணா காட்டினேன். இது பிரவுனு, இது நீலம்னு. பச்ச மஞ்ச எர்த்து வயர காட்டலாம்னு பாத்தா, அது ஒண்ணுலயும் ஒட்டாம சும்மா தொங்குது!"

"போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"போனை மவன் எடுத்துக்கிட்டு பந்திங் டவுனுக்குப் போயிட்டான். சார்ஜும் இல்ல." அவர் குரல் தணிந்தது. "அதுவும் இல்லாம, நான்தான் ஸ்குரு போட மறந்துட்டேன். அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தும் இப்படிப் பண்ணிட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு. அடுத்த சனிக்கெழம பேசாம எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையைத் திறந்தால் உள்ளங்கையில் ஸ்குருவின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது சிரிப்பு. அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஸ்குருவ போடாதது நீங்கக்கா. பாக்காம டிக் போட்டது நான். பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

"அதுக்கு இவ்ளோ தூரமா டீச்சர்?" என்றார்.

ஸ்குருவை நான் மாட்டவில்லை. அவர் கையில் கொடுத்தேன். பாயில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, வாஷரை முதலில் வைத்து, எர்த்து வயரை அதன்மேல் வைத்து, ஸ்குருவை முறுக்கினார். வயரை ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பிறகு மீட்டரை என்னிடம் வாங்கி, ஒரு முனையைப் பிளக்கில் வைத்தார், மறுமுனையை அடி இரும்பில். 'பீப்' என்றது. நான் இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். மறுபடி 'பீப்'. மூன்றாவது முறையும் சொன்னேன். "டீச்சர், போதும்" என்றார் அக்கா. மீட்டரை வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர் கையே வைக்கலியே."

"அதத்தான் நான் மத்தியானத்துலருந்து சொல்றேன்!" என்றார் அக்கா.

ஆனாலும் அப்போதே அதை மாட்ட நான் விடவில்லை. பக்சிக்தான் அந்தப் பேச்சை எடுத்தார். வீட்டுக்காரரைப் பார்த்து, "கரண்ட்டு வெட்டற சுவிட்சு எங்க? கழட்டிட்டியா? நீ பெரிய ஆளா? மொதல்ல அத மாட்டு" என்றார். அவர் தமிழில் அது அப்படியே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற தோரணையில் வந்தது. வீட்டுக்காரர் தோட்டத்து வயர்மேனை மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். மழை பெய்தால் விழுந்ததற்குக் காரணம், பின்கட்டு விளக்குக்குப் போகும் வயரில் தண்ணீர் இறங்கியதுதான். வயர்மேன் அந்த விளக்கின் இணைப்பை வெட்டிவிட்டு, சுவிட்சைத் திரும்ப மாட்டி, அழுத்திப் பார்த்தார். விழுந்தது. ஏற்றிவிட்டார். அதன்பிறகுதான் அக்கா பச்சைப் பட்டுச்சேலையின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டு, முதல் மடிப்பைத் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று அந்தச் சேலை முடியும்வரை பார்த்தேன்.

தேத்தண்ணியும், பரிசத்துக்குச் சுட்ட முறுக்கும் வந்தன. காலையில் பசியாறியதற்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முறுக்கைக் கடித்தபோதுதான் தெரிந்தது. எத்தனை தின்றேன் என்று கணக்கில்லை. மறுநாள் விருந்தாளிகளுக்குக் குறைந்திருக்கும்.

திரும்பும்போதும் பக்சிக் அறுபதில்தான் ஓட்டினார். அந்த முறை எனக்கு அது பிடித்திருந்தது. கொமுட்டரில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். விழித்தபோது ரயில் நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்சிக் யாரிடமும் சொல்ல மாட்டார், அக்காவும் சொல்ல மாட்டார். ஆனால் என் கையெழுத்துப் போட்ட பொய்த்தாள் ஒன்று கல்லூரிக் கோப்பில் இருந்தது. பகுதி நேர ஆசிரியருக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக ஒப்பந்தம் போடுவார்கள். வேண்டாமென்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, கடிதம் வராது, அவ்வளவுதான். வீட்டில் சும்மா இருந்த அந்த எட்டு மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒருங்கிணைப்பாளர் அறைக்குப் போய் நின்றேன்.

முழுவதையும் சொன்னேன், எதையும் விடவில்லை. அவர் நடுவில் ஒருமுறை மட்டும் குறுக்கிட்டார்: "யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல புவான்."

கோப்பை எடுத்து, அந்தத் தாளைக் கண்டுபிடித்து, என் பக்கம் திருப்பினார். டிக்கைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதி, மறுபடி சோதித்த நாளைப் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். எழுதினேன். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஜாகா எத்தன மணிக்கு வந்தாரு?"

"பன்னெண்டே முக்காலு."

"அந்த ரூமை ஒரு மணிக்கு இன்னொருத்தருக்குக் குடுத்தது நான்தான். பதினாலு பேரோட பொருளைச் சோதிக்க நேரம் வேணும்னு எனக்குத் தோணல. இனி ஒன்றரை வரைக்கும் ரூம் உங்களோடது." கோப்பை மூடி வைத்துவிட்டு, "அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் தயாரா இருக்கு. வெளிய ஆபீஸ் கிராணிகிட்ட வாங்கிக்குங்க" என்றார்.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டபோது என் பெயரை நானே தப்பாக எழுதிவிட்டேன். கிராணி சிரித்துவிட்டு இன்னொரு படி அச்செடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்ததும் எல்லாரிடமும் சொன்னேன். மலாயில் ஆரம்பித்தேன், வழக்கம்போலத் தமிழில் முடிந்தது. பக்சிக் விட்டுப்போனதை மொழிபெயர்த்துக் கொடுத்தார். இனிமேல் ஒருவர் செய்த பொருளை இன்னொருவர் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என்னிடம் வரவேண்டும், நான் அவசரப்பட்டால் நிறுத்துங்கள் என்றேன். சரவாக் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாவ் ஆன்டிதான் முதலில் பேசினார், மலாயில். "சிக்குவும் மறப்பியா?"

"மறப்பேன் ஆன்டி."

"நல்லதுலா" என்றார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இத்தன நாளா நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கேரி தீவு அக்கா எழுந்துபோய், யாரும் கேட்காமலேயே, ஆன்டியின் பிளெண்டரை எடுத்து மீட்டரை வைத்தார்.